முதுகைக் காட்டிய பிறகு

"காரை விட்டு எதுக்கு இறங்கினீங்க?"

மனைவி மறுபடியும் கேட்டாள். டிரைவிங் மாஸ்டர் ஐஸ் துணியை வீங்கிய உதட்டில் அழுத்திக்கொண்டார். அப்படி வைத்துக்கொண்டால், பேசாமல் இருக்க ஒரு சாக்கு கிடைக்கிறது.

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். முதல் நாள் யாரையும் கியரைத் தொட விடமாட்டார். "ரோட்டுல எவனாவது சண்டைக்கு வந்தா கதவைப் பூட்டு, கண்ணாடியை ஏத்து, நம்பரைப் பார்த்து வெச்சுக்கோ. என்ன ஆனாலும் இறங்காதே." இதுதான் முதல் பாடம்.

அப்படிப்பட்டவர், காலையில் சிக்னலில் இறங்கிப் போய் எவனோ ஒருவனிடம் அறை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஓட்டிக்கொண்டிருந்தது கற்றுக்கொள்ள வந்த ஒரு அம்மாவாம். பச்சை விழுந்ததும் கார் ஆஃப் ஆகிவிட்டதாம். பின்னால் இருந்தவன் ஹாரனை அழுத்திக்கொண்டே சுற்றி வந்து, குறுக்கே காரை நிறுத்தி இறங்கினானாம். அவ்வளவுதான் சொன்னார்.

இன்றைக்கு இந்த வீட்டுக்கே நேரம் சரியில்லை. அவளுடைய அம்மாவும் வாக்கிங் போன இடத்தில் மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

விஷயம் கேள்விப்பட்டு அவளுடைய வக்கீல் தம்பி வந்துவிட்டான்.

"மாமா, கேஸ் நம்ம பக்கம். இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காயத்தைக் காட்டி எழுதி வாங்கணும். புகாரும் இன்னிக்கே கொடுக்கணும். தள்ளிப்போட்டா ஏன் தள்ளிப்போட்டீங்கன்னு கேப்பாங்க. முதல்ல ஐஸ் வெக்கறதை நிறுத்துங்க, வீக்கம் குறைஞ்சா நமக்குத்தான் நஷ்டம்."

அக்கா ஐஸைப் பிடுங்கிக்கொண்டாள்.

"திருப்பி அடிச்சீங்களா?" என்று கேட்டான் தம்பி.

"இல்ல."

"திட்டினீங்களா?"

"சாரி சொன்னேன்."

"அடி வாங்கினவர் சாரி சொன்னாராம்," என்றாள் மனைவி சுவரைப் பார்த்து.

"பரவாயில்லக்கா, நல்லதுதான். அவன் அடிக்க வரப்போ தடுக்கலாம், தள்ளிவிடலாம். ஆனா அவன் முதுகைக் காட்டிட்டுத் திரும்பிப் போனதுக்கப்புறம் நம்ம விரல் பட்டாலும் போச்சு. அப்புறம் அவன் கேஸ் கொடுப்பான், நாம ஜாமீனுக்கு அலையணும். சட்டம் இதுல ரொம்பத் தெளிவு. நல்லவேளை, மாமாவுக்கு அந்தப் பழக்கமே கிடையாது."

இது பாராட்டா கிண்டலா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் வலித்தது.

"எனக்குக் கேஸ் வேண்டாம்ப்பா," என்றார் மாஸ்டர்.

"சும்மா இருங்க மாமா. காரை ஓட்டின அந்தம்மா யாரு? அவங்கதான் சாட்சி."

"வரமாட்டாங்க."

"ஏன் வருவா?" என்றாள் மனைவி. "இவரை மாட்டிவிட்டுட்டு நைசாக் கழண்டுட்டா. இதுங்களுக்கெல்லாம் கார் ஒண்ணுதான் கேடு."

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, மடித்த தலையணை உறையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். மாப்பிள்ளை இருக்கும் இடத்தில் அவள் வாயைத் திறப்பதே அபூர்வம்.

"சம்மன் போனா வந்துதானே ஆகணும்," என்றான் தம்பி. "யாரா இருந்தாலும் கூண்டுல ஏத்திடுவேன்."

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. "முன் கண்ணாடியில கேமரா வெச்சிருக்கீங்களே?"

"அது ஓடலை," என்று மாஸ்டர் காதைத் தடவினார். பொய் சொன்னால் காதைத் தடவுவார்; கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். நேராகப் போய் அவர் சட்டைப் பையில் கையை விட்டாள். நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு வந்தது.

"கையில ஆதாரத்தை வெச்சுக்கிட்டு ஒளிஞ்சுக்கறீங்களா? சரியான கோழை."

தம்பி முன்னால், அம்மா முன்னால் சொல்லிவிட்டாள். மாஸ்டர் முகம் சுருங்கியது. "பார்க்காதீங்க," என்று மட்டும் சொன்னார்.

தம்பி லேப்டாப்பில் போட்டுவிட்டான்.

சிக்னல். குறுக்கே நிற்கும் கார். ஒருவன் இறங்கி, விரலை நீட்டியபடி ஓட்டுபவரின் கதவை நோக்கி வருகிறான். மாஸ்டர் அந்தப் பக்கமிருந்து ஓடிவந்து நடுவில் நிற்கிறார். கும்பிடுகிறார். அறை விழுகிறது. அவர் நகரவில்லை. இன்னொன்று விழுகிறது. அவன் ஏதோ கத்திவிட்டுத் திரும்பி நடக்கிறான்.

எதற்கு இறங்கினார் என்று அவளுக்கு இப்போது புரிந்தது.

"முகம் தெளிவா இருக்கு. ஜெயிச்சாச்சு," என்றான் தம்பி.

வீடியோ முடியவில்லை. ஓட்டுபவர் பக்கத்திலிருந்து ஓர் உருவம் வந்தது. கையில் ஸ்டியரிங்கைப் பூட்டும் இரும்புக் கம்பி. காலில் வாக்கிங் ஷூ, தம்பி வாங்கிக் கொடுத்தது. 'இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா கார்?' என்று அக்காவும் தம்பியும் சேர்ந்து சிரித்த அன்றைக்கு, சமாதானத்துக்காக வாங்கிக் கொடுத்தது.

நடந்து போகிறவனின் முதுகில் கம்பி இறங்கியது. மறுபடியும் ஓங்கியபோது மாஸ்டர் பாய்ந்து பிடித்துக்கொண்டார். அடிபட்டவன் தன் காருக்குள் ஓடிக் கதவைப் பூட்டி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

அக்காவும் தம்பியும் மூலையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கிளட்ச்சைச் சட்டுனு விட்டது என் தப்புதான் மாப்பிள்ளை," என்றாள் அம்மா, தலையணை உறையைப் பார்த்தபடி. "அதுக்கு மட்டும் சாரி."

மனைவி எழுந்து போய்ப் புதிதாக ஐஸ் எடுத்துவந்தாள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டில் வைத்தாள்.

தம்பி லேப்டாப்பை மூடினான். கார்டைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"மாமா சொன்னது சரிதான்க்கா," என்றான் காதைத் தடவிக்கொண்டே. "கேமரா ஓடலை."