கசக்கிய இலை

அந்த ஆய்வகத்தில் எந்த இலையையும் மைக்ரோவேவுக்குள் வைப்பதற்கு முன் அங்கயற்கண்ணி ஒன்றைக் கசக்கி முகர்ந்து பார்ப்பாள். அவள் சரி என்றால்தான் அடுப்பு ஓடும். தண்ணீர் சேர்ப்பதில்லை, பச்சை இலையின் ஈரமே சூடேறி, ஆவியாகி, வாசனை எண்ணெயை வெளியே கூட்டி வந்துவிடும்.

காய்ச்சலில் கிடந்து எழுந்து இன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள். உடன் வேலை பார்க்கும் ஞானதாஸ் திருநீற்றுப்பச்சிலைத் தட்டை நீட்டினான். ஓர் இலையைக் கசக்கி, கண்ணை மூடி, மெதுவாக மூச்சை இழுத்தாள்.

"நல்லா தூக்கலா இருக்கு. போடுங்க தாஸ்."

திரும்பியவன் நின்றுவிட்டான். இன்று பறித்த இலைகள் ஈரத்துணிக்கு அடியில் அப்படியே இருந்தன. அவன் கையில் இருந்தது, அவள் வருவதற்கு முன் காலையில் அவனே எண்ணெய் எடுத்து முடித்த தட்டு. அந்த இலைகளில் பச்சை நிறம் இருந்தது, வாசனை துளியும் இல்லை.

அவன் தட்டை மாற்றி அடுப்பை ஓடவிட்டான். கண்ணாடிக் குழாயில் முதல் சொட்டு இறங்கியதும், அவள் பக்கம் பார்க்காமலே குனிந்து முகர்ந்தான்.

"முதல்ல எலுமிச்சைத் தோல் மாதிரி வருது மேடம். அதுக்குப் பின்னாடி கிராம்பு."

அவள் விரலிடுக்கில் இருந்த கசங்கிய இலையை மேசைமேல் வைத்தாள்.

"அப்புறம்?" என்றாள்.