நாற்பதடிப் பேனரின் கண்கள்

ஊரில் ஐந்து டிசைன் கடைகள் இருந்தும், ஜாமீனில் வந்த செல்லப்பாண்டி தன் பிறந்தநாள் பேனருக்கு ஞானமுத்துவின் கடையைத்தான் தேடி வந்தான். ஞானமுத்துவின் அண்ணனை வெட்டிச் சாய்த்தவன் அவன். நாற்காலியை இழுத்துப் போட்டு ஞானமுத்துவின் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்தான்.

கணினித் திரையில் செல்லப்பாண்டியின் தலை, ஏதோ வெள்ளைக்காரனின் உடம்பு, பறக்கும் சிவப்பு அங்கி, காலடியில் சிங்கம் எல்லாம் ஒட்டியாயிற்று.

"கண்ணுல வெறி பத்தலையேடா" என்றவன், போன் வந்து வாசலுக்குப் போனான். ஞானமுத்து அண்ணனின் கண்ணீர் அஞ்சலிப் படத்தைத் திறந்து, கண்களை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டினான்.

திரும்பி வந்தவன் தொடையைத் தட்டினான். "இதான்டா நான்!"

மறுநாள் முச்சந்தியில் பேனர் எழுந்தது. செல்லப்பாண்டி இடப்பக்கம் நகர்ந்து பார்த்தான், வலப்பக்கம் நகர்ந்து பார்த்தான்.

"என்னடா இது, எங்கிட்டு நின்னாலும் என்னையவே பார்க்குது?"

"பார்க்கட்டும். உங்க கண்ணுதானண்ணே" என்றான் ஞானமுத்து.