இரவல் கை

செய்முறைத் தேர்வன்று இசக்கியம்மாள் இரண்டு கைகளிலும் மாவுக்கட்டோடு இசைத்துறைக்கு வந்தாள். விரல்நுனிகூட வெளியே தெரியவில்லை.

"விரல் எண்ணித் தாளம் போடாம பாடினா மார்க் கிடையாதேம்மா. அடுத்த வருஷம் வா" என்றார் வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர்.

"தாளத்தை நீங்க போடுங்க சார். நான் தப்புனா பெயிலாக்கிருங்க."

"நான் போடக் கூடாது" என்று அவர் கைகளைக் கட்டிக்கொண்டார்.

அவள் தரையில் அமர்ந்து கல்யாணி ராகத்தில் பாடத் தொடங்கினாள். ஸ்வரங்களுக்கு வந்தபோது அவருடைய கைகள் தாமாக அவிழ்ந்தன. வலது கை தொடையில் விழுந்து, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ண ஆரம்பித்தது. அவள் வேகத்தை இரட்டித்தாள். சொக்கிப்போய்க் கண்ணை மூடியவர் ஒரு விரலை எண்ணாமல் விட்டுவிட்டார். கை முந்திக்கொண்டு தொடையில் விழுந்தது.

அவள் பாட்டை நிறுத்தவில்லை. தட்டு விழவேண்டிய சரியான இடம் வந்ததும் மாவுக்கட்டால் தரையில் ஓங்கித் தட்டினாள். ஜன்னலுக்கு வெளியே நின்ற மாணவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

தேர்வாளர் கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தார். பிறகு அதை மெல்ல உயர்த்தி, அவளுடைய அடுத்த தட்டுக்காகக் காத்திருந்தார்.