பாண் படாத வீடு

“உண்மையைச் சொல்லுங்கோ லூசியா அக்கா. பிள்ளைக்குப் பாண் குடுத்தனீங்களோ?”

கதவு திறந்ததும் திறவாததுமாக இந்திராதேவி பாய்ந்தாள். அவள் இடுப்பில் நான்கு வயது தர்சினி, குச்சிக் கையும் ஊதிய வயிறுமாகத் துவண்டு கிடந்தாள்.

பிரெஞ்சு நாட்டு லா சப்பலில், ஒரே கட்டடத்தில் இந்திராதேவி மேல்மாடி. புதுச்சேரி லூசியா கீழ்மாடி. இந்திராதேவி வேலைக்குப் போகும்போது பிள்ளையை லூசியாவிடம்தான் விடுவாள்.

“மாதா மேல சத்தியமா இல்ல. நீ குடுத்துவிடற டப்பாவத்தான் ஊட்டறேன்.”

“அப்ப ஏன் வயித்தாலை போறது நிக்கேல்லை? இண்டைக்கு நிறுக்கேக்கையும் அரைக் கிலோ குறைஞ்சிட்டாள். இன்னும் குறைஞ்சா ஆஸ்பத்திரியிலை மறிச்சு வைச்சுப்போடுவினமாம்.”

மூன்று மாதமாக அவள் ஒரு யுத்தமே நடத்திக்கொண்டிருந்தாள். குடல் நோய் என்று சொன்ன டாக்டர், இவர்களுக்குப் பிரெஞ்சு வாசிக்க வராதென்று படத்தாள் ஒன்றைக் கொடுத்திருந்தார். தலைப்பில் ஏதோ முத்திரை. கீழே பாண் ரொட்டி, கேக், பிஸ்கட், எல்லாவற்றுக்கும் சிவப்புக் கோடு. அன்றிலிருந்து வீட்டில் பாணுக்குத் தடை. கணவன் வாமதேவன்கூட வேலைத்தலத்தில் பாண் தின்றால் உடுப்பை உதறிவிட்டுத்தான் வாசல் மிதிக்கவேண்டும்.

“எங்கட சாப்பாடு ஒண்டும் செய்யாது. ஆரோ களவாய் பாண் குடுக்கினம். பிடிக்காமல் விடமாட்டன் அக்கா. ஆற்றை கை எண்டாலும் முறிச்சுப்போடுவன்!”

லூசியாவுக்குச் சுருக்கென்றது. “நீ காய்ச்சல்ல கெடந்தப்ப ரெண்டு வாரம் புள்ள என் கஞ்சியும் ரசமும்தான் குடிச்சா. அப்ப மட்டும் வயித்துப்போக்கு நின்னுச்சே, எப்படி? வா, உன் சமையல நானே பாக்கறேன்.”

இருவரும் மேலே ஏறினார்கள். நாளைய டப்பாவுக்காக இந்திராதேவி குழைத்து வைத்திருந்த மா அடுப்படியில் காத்திருந்தது.

“வடிவாய்ப் பாருங்கோ. புட்டு. இதிலை எங்கை பாண் இருக்கு?”

“அரிசி மாவுதானே?”

“அரிசி மா இஞ்சை என்ன விலை! கோதுமை மாவை அவிச்சு, அரிச்சு…”

லூசியா மாப்பையைத் தூக்கி, சுவரில் ஒட்டியிருந்த படத்தாளின் பக்கத்தில் பிடித்தாள். பையில் ஒரு கோதுமைக் கதிரின் படம். தாளின் தலைப்பிலும் அதே கதிர், குறுக்கே ஒரு கோட்டுடன்.

ஆஸ்பத்திரி முத்திரை என்றுதான் இத்தனை நாளும் இந்திராதேவி நினைத்திருந்தாள். மாப் படிந்த தன் கையை அவள் மெல்லத் திருப்பிப் பார்த்தாள்.