இருநூறு நாற்காலி

தாம்பரத்து மைதானத்தில் வெயில் சாய்கிறது. தேர்தல் கூட்டத்துக்கு நாற்காலி வாடகைக்கு விட்ட அத்தாவுல்லா, முகக்கவசத்தை மூக்குவரை ஏற்றிக்கொண்டு கடைசி வரிசையில் நிற்கிறார். போன மாதம்தான் தம்பியைக் கொரோனாவுக்கு வாரிக் கொடுத்தவர். ஆறடிக்கு ஒரு சுண்ணாம்புப் புள்ளி, புள்ளிக்கு ஒரு நாற்காலி, அதன் காலைத் தரையில் அடித்த முளையோடு இறுக்கிய கயிறு, எல்லாம் அவர் கைவேலை. வருகிறவர்கள் வழக்கம்போல நாற்காலியை இழுத்துக் கூட்டாளி பக்கத்தில் போடப் பார்க்கிறார்கள். அது அசைவதாயில்லை. முனகிக்கொண்டே தனித்தனியாக உட்கார்கிறார்கள். "இன்னா பாய், மாட்டக் கட்றாப்ல கட்டி வச்சிகிற? ஐந்நூறு சேர் போட்ற எடத்துல எரநூறு போட்டா கூட்டம் எப்படித் தெரியும்? அவுத்து நெருக்கிப் போடு" என்று பாய்கிறார் பகுதிச் செயலாளர். "கயித்தத் தொட்டா மொத்தத்தையும் வண்டில ஏத்திகினு போய்னே இருப்பேன், தலைவரே." அதற்குள் டிரோன் எடுத்த படம் செயலாளரின் கைபேசிக்கு வந்துவிடுகிறது. மேடையிலிருந்து மதில்வரை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, மைதானம் முழுக்கத் தலைகள். அவர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார். குரல் இறங்குகிறது. "நாளைக்குப் பெருங்களத்தூர் கூட்டத்துக்கும் இதே மாதிரி கட்டிடு பாய்." அத்தாவுல்லா செயலாளரின் தாடையில் தொங்கும் முகக்கவசத்தை ஒரு விரலால் காட்டுகிறார். செயலாளர் அதை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொள்கிறார்.