அலுங்காமல் ஓட்டிய கார்

கார் மறுபடியும் நடுரோட்டில் நின்று அவர் மானத்தை வாங்கியிருந்தது. கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்ட ரோட்டரி எஞ்சின்.

"உள்ள முழுக்கக் கரி," என்றார் மெக்கானிக். "மொத்தமா பிரிச்சுக் கட்டலாம். இல்ல, மருந்து ஊத்திக் கழுவிப் பார்க்கலாம். யாரு சார் ஓட்டுறது?"

"நான்தான். அலுங்காம குலுங்காம ஓட்டுவேன். முன்னாடி வீட்ல ஒருத்தர் பேய் மாதிரி விரட்டினாங்க. அதுலதான் பாழாப்போச்சு. போன வருஷம் சண்டை போட்டு சாவியப் புடுங்கிட்டேன்."

"மக்கர் பண்ண ஆரம்பிச்சது எப்போ?"

"அதுக்கப்புறம்தான்..." அவர் குரல் இறங்கியது.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். "இந்த எஞ்சின அப்பப்ப விரட்டினாத்தான் கரி எரிஞ்சு வெளிய போகும். உருட்டிக்கிட்டே இருந்தா அடைச்சுக்கும். பிரிக்க வேணாம், கழுவித் தரேன். பேசாம அந்தப் பையன்கிட்டயே சாவியக் குடுத்துடுங்க."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

கார் வீட்டுக்கு வந்த அன்று, மனைவி குளிக்கப் போகும்வரை காத்திருந்து பின்னறைக் கதவைத் தட்டினார். சாவியை நீட்டினார்.

"அத்தை, வண்டிய எடுத்துக்கிட்டு ஒரு சுத்து போயிட்டு வரீங்களா?"

மாமியார் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"மெதுவாத்தான் ஓட்டுவேன், பரவாயில்லையா மாப்பிள்ளை?"