திராட்சைப் பூவின் மணம்

ராயப்பன்பட்டிக்குத் தெற்கே, காலை வெயில் பொட்டுப் பொட்டாக விழும் திராட்சைப் பந்தலுக்கடியில் ஞானமுத்து கொடி கட்டும் சணலோடு அசையாமல் நிற்கிறார். தலைக்கு மேலே கடுகளவு பச்சைப் பூக்கள் கொத்துக் கொத்தாக விரிந்திருக்கின்றன. முப்பது வருடம் பீடி பிடித்தவர் அதை விட்டு இன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகிறது. விரல்கள் இன்னமும் அடிக்கடி சட்டைப் பையைத் துழாவுகின்றன. இப்போது எங்கிருந்தோ ஒரு மணம், தேனில் நனைத்த பச்சைப் புல்லைப் போல, மெல்ல உள்ளே இறங்குகிறது. "வியாகுலம், இங்கன ஏதோ மணக்குது" என்கிறார். அடுத்த வரிசையில் கொடி கட்டும் மனைவி வியாகுலமேரி திரும்பாமலே, "திராட்சப் பூதான். வருசா வருசம் மணக்கும்" என்கிறாள். "ஒருநாளும் நீ சொல்லலையே?" "சொன்னேன். இந்தப் பூவுல ஏதுடி வாசம்னு பொகைய விட்டுச் சிரிச்சீக."

அவர் கண்ணை மூடி மறுபடி மூச்சை இழுக்கிறார். அது தடையில்லாமல் அடிநெஞ்சு வரைக்கும் போகிறது. தொங்கும் கொடிகளுக்கடியில் குனிந்து கடந்து அவள் பக்கத்தில் போய் நிற்கிறார். "என்ன, இங்கன வந்து நிக்கிறீக?" என்று அவள் கேட்கிறாள். வெந்தயம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் ஈரச் சேலையும் நெற்றி வியர்வையும் கலந்த வாசம் அவளிடமிருந்து வருகிறது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம் கழித்து, அவள் எப்படி மணப்பாள் என்று அவருக்கு இப்போதுதான் தெரிகிறது.